பழைய ஓபி வேனை மீட்டெடுத்தல்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

முப்பது வருடம் கொட்டகையில் கிடந்த ஒரு டெலிவிஷன் ஓபி வேனை, அதாவது ஸ்டுடியோவுக்கு வெளியே நடப்பதைப் படம்பிடித்து அனுப்பும் வண்டியை, வெளியே இழுத்து நிறுத்தியாயிற்று. கதவைத் திறந்தால் ஈரமும் பழைய ரெக்சினும் கலந்த வாடை. உள்ளே மானிட்டர் வரிசை, எந்தக் கேமராவின் படம் போக வேண்டும் என்று மாற்றும் விஷன் மிக்சர், கேமரா கன்ட்ரோல் பெட்டிகள், எல்லாவற்றின் மேலும் தூசி. எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நிற்கும் அந்த முதல் நாளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது பிரிட்டனில் 1960களிலும் 70களிலும் ஓடிய வண்டிகளைப் பற்றி. பிபிசிக்காரர்கள் இவற்றை ‘ஸ்கேனர்’ என்பார்கள். இந்தப் பரம்பரை 1937 மே 12 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தில் தொடங்குகிறது. ஹைட் பார்க் கார்னரில் மூன்று எமிட்ரான் கேமராக்களை வைத்து, படத்தைக் கேபிள் வழியே அலெக்சாண்ட்ரா பேலஸுக்கு அனுப்பினார்கள். 1967 ஜூலை 1 அன்று பிபிசி 2 கலர் ஒளிபரப்பைத் தொடங்கியதும் ஸ்டுடியோவிலிருந்து அல்ல, விம்பிள்டன் டென்னிஸ் மைதானத்தில் நின்ற வண்டிகளிலிருந்துதான். 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது வந்ததும் படத்தை 625 கோடுகளாக வரையும் இதே 625 லைன், 50 ஹெர்ட்ஸ் முறை என்பதால், நம் ஊரில் அந்தக் கால மானிட்டரைப் பிரித்துப் பழகியவர்களுக்குக் கீழே வரும் பாதி விஷயம் கைப்பழக்கமாகவே இருக்கும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோ சாமான் ஒரே இடத்தில் உட்கார்ந்து கிழடானது. இந்தச் சாமான் இருபது வருடம் ரோட்டில் குலுங்கியது, அப்புறம் முப்பது வருடம் ஈரத்தில் நின்றது. அதனால் எந்த அறிகுறி வந்தாலும் முதல் சந்தேகம் வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) மேலோ டிரான்சிஸ்டர் மேலோ போக வேண்டாம். இணைப்பு மேல் போகட்டும்: பிளக், சாக்கெட், சால்டர், எர்த் பட்டை, ஸ்க்ரூ. குலுக்கல் தளர்த்தியதும் ஈரம் அரித்ததும் அங்கேதான்.

கரண்ட் கொடுக்கும் முன்

ஒரு முழு நாள் கரண்டே கொடுக்காதீர்கள். எல்லா ரேக்கையும் முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு கேபிளுக்கும் சீட்டுக் கட்டுங்கள், இரு முனையிலும். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்: தேதி, அறிகுறி, என்ன மாற்றினேன், மாற்றியபின் என்ன ஆனது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிப் பழுது போய்விட்டால், எதனால் போனது என்று கடைசிவரை தெரியாது.

கை வைக்கக் கூடாதவை சில உண்டு. எண்ணெய் நிரப்பிய பழைய கண்டன்சர் கசிந்திருந்தால், அந்த எண்ணெய் பிசிபி எனப்படும் நச்சு எண்ணெயாக இருக்கலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், துடைத்த துணியைக் குப்பையில் போடாதீர்கள். ஹீட்டர் பக்கத்திலும் என்ஜின் தடுப்பிலும் சாம்பல் நிறத்தில் நார் நாராக ஏதாவது தெரிந்தால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே எடுத்துக்கொண்டு, அதற்கென்று உள்ள ஆட்களைக் கூப்பிடுங்கள். மானிட்டர் பிக்சர் டியூபில் உயர் வோல்ட்டேஜ், கலர் மானிட்டரில் 25 ஆயிரம் வோல்ட் வரை, ஆஃப் செய்த பிறகும் தங்கியிருக்கும். அதை டியூபின் வெளிப்புறக் கறுப்புப் பூச்சுக்கும் சட்டத்துக்கும் இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

மெயின்ஸ் கொடுத்ததும் ஆர்சிசிபி விழுகிறது

ஆர்சிசிபி என்பது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக அணைக்கும் காவல் சுவிட்ச். இதில்தான் பலரும் முதல் வாரத்திலேயே மனம் உடைந்துபோகிறார்கள். எல்லா ரேக்கையும் கழற்றினால் நிற்கிறது, எல்லாவற்றையும் மாட்டினால் விழுகிறது, ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதிலும் பழுது இல்லை. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியின் மெயின்ஸ் வாசலிலும் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு ஃபில்டர் கண்டன்சர் உண்டு. 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் 240 வோல்ட்டில், 50 ஹெர்ட்ஸில், 7.5 மில்லிஆம்ப் எர்த்துக்கு விடும். அது பழுதே அல்ல, அதன் இயல்பு. நான்கு பெட்டி சேர்ந்தால் 30 மில்லிஆம்ப். இன்றைய ஆர்சிசிபி அதற்கு முன்பே விழுந்துவிடும். வண்டி கட்டிய காலத்தில் அப்படி ஒரு காவல்காரன் வாசலில் இல்லை.

எர்த்தைக் கழற்றி இதைத் ‘தீர்த்த’ வண்டியை நான் பார்த்திருக்கிறேன். மழை நாளில் புல் மேல் நின்றுகொண்டு படிக்கட்டின் கைப்பிடியைத் தொட்டவருக்கு ஷாக் அடித்தது, நல்ல வேளை உயிர் பிழைத்தார். எர்த்தைக் கழற்றவே கூடாது. ஆர்சிசிபியையும் எடுக்கக் கூடாது. வண்டியின் முழுச் சுமையையும் தாங்கும், வெளி மெயின்ஸிலிருந்து வண்டியைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரை வாசலில் வைத்து, அதன் இரண்டாம் பக்க நியூட்ரலை வண்டிச் சட்டத்தோடு இணைத்தால், ஃபில்டர் கசிவு வண்டிக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும். ஆட்கள் தொடும் பிளக் பாயிண்டுகளுக்குத் தனியாக ஆர்சிசிபி. இந்த வேலையைத் தகுதி உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள், நீங்களே செய்யாதீர்கள்.

ஒரே ஒரு ரேக்கை மாட்டும்போது மட்டும் விழுந்தால் அது நிஜப் பழுது. ரேக்கில் உள்ள பெட்டிகளைக் கழற்றிவிட்டு, வயரிங்கை மட்டும் 500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) அளந்து பாருங்கள். பெட்டிகளோடு சேர்த்து அளந்தால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும். அளவு மோசமாக இருந்தால் முதலில் ஹீட்டர் எலிமெண்டைப் பாருங்கள். அதன் உள்ளே உள்ள பொடி ஈரத்தை உறிஞ்சும். ஓர் இரவு இதமான சூட்டில் வைத்தால் பல சமயம் தேறிவிடும்.

ஆன் செய்ததும் ஃபியூஸ் போகிறது

பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். போடாதீர்கள். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில் போடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும். பெட்டி ஆன் ஆனதும் பல்பு பிரகாசமாக எரிந்து மெல்ல மங்கினால் நல்ல அறிகுறி, கண்டன்சர்கள் நிரம்பிவிட்டன என்று அர்த்தம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ரெக்டிஃபையர், அதற்கு அடுத்த பெரிய கண்டன்சர், டிரான்ஸ்பார்மர் என்று வரிசையாகப் போங்கள்.

முப்பது வருடம் சும்மா கிடந்த எலக்ட்ரோலிடிக் கண்டன்சருக்கு ஒரே அடியாக முழு வோல்ட்டேஜ் கொடுத்தால் சூடாகும், சில சமயம் வெடிக்கும். வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரான வேரியாக்கை மெல்ல ஏற்றினால் போதும் என்று பலர் சொல்வார்கள். செலினியம், சிலிக்கன் ரெக்டிஃபையர் உள்ள பெட்டிக்கு அது சரி. வால்வு ரெக்டிஃபையர் என்றால் சரி வராது. குறைந்த வோல்ட்டேஜில் அதன் ஹீட்டர் சூடாவதே இல்லை, கண்டன்சருக்கு ஒன்றும் போய்ச் சேராது. பாதிக்கு மேல் வந்ததும் திடீரென்று போகும். அதனால் கண்டன்சரின் ஒரு காலைக் கழற்றி, தனி டிசி சப்ளையிலிருந்து 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக ஊட்டுங்கள். ரெசிஸ்டரின் மேல் 10 வோல்ட் காட்டினால் கசிவு 1 மில்லிஆம்ப். வோல்ட்டேஜை ஏற்ற ஏற்றக் கசிவு கூடும், காத்திருந்தால் இறங்கும். பல மணி நேரம் பிடிக்கலாம். இறங்கவே இல்லை, டப்பா வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால் அது முடிந்துவிட்டது. பழைய டப்பாவைக் கவனமாக வெட்டி, உள்ளே புதிய கண்டன்சரை வைத்து மூடிவிடுங்கள். பார்ப்பவருக்குப் பழைய முகம், உள்ளே நம்பகமான உறுப்பு. சிலர் இதை ஏமாற்று என்பார்கள். வண்டி படம் காட்ட வேண்டும், யாரையும் கொல்லவும் கூடாது. எனக்கு அதுதான் பெரிது.

அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி குபீரென்று நாற்றம் வந்தால் யோசிக்கவே வேண்டாம், மெயினை அணைத்துவிட்டு எல்லோரும் இறங்கிவிடுங்கள். செலினியம் ரெக்டிஃபையர் எரிகிறது. அந்தப் புகை விஷம். ஒரு சின்ன வண்டிக்குள் அது ரொம்பவே ஆபத்து. அதற்குப் பதில் சிலிக்கன் டயோடு போடும்போது ஒரு ரெசிஸ்டரையும் சீரிஸில் போடுங்கள். சிலிக்கனில் வோல்ட்டேஜ் இழப்பு குறைவு, அதனால் பின்னால் வரும் உயர் டிசி வோல்ட்டேஜ் கூடிவிடும்.

படத்தில் படுக்கைவாட்டில் கறுப்புப் பட்டை

முதலில் எண்ணுங்கள். திரையில் ஒரே ஒரு பட்டை என்றால் 50 ஹெர்ட்ஸ் நுழைகிறது. இரண்டு பட்டை என்றால் 100 ஹெர்ட்ஸ். இரண்டும் இரண்டு வேறு நோய்கள்.

இரண்டு பட்டை சுலபம். 100 ஹெர்ட்ஸ் என்பது ஃபுல்வேவ் ரெக்டிஃபையரின் ரிப்பிள், அதாவது டிசியில் மிஞ்சி நிற்கும் அலை. பவர் சப்ளையின் ஃபில்டர் கண்டன்சரோ, அதற்கு அடுத்த ரெகுலேட்டரோ வேலை செய்யவில்லை. எந்தப் பெட்டி என்று ஸ்கோப்பை (சிக்னலின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) வைத்துத் தேடினால் அரை மணியில் கிடைத்துவிடும்.

ஒற்றைப் பட்டைதான் படுத்தும். பெரும்பாலும் அது எர்த் லூப். கேமரா ஒரு இரும்புச் சாரத்தின் மேல் நிற்கிறது, சாரத்துக்கு ஒரு எர்த். வண்டிக்கு இன்னொரு எர்த். இரண்டுக்கும் நடுவே உள்ள வோல்ட்டேஜ் வித்தியாசம் வீடியோ கேபிளின் உறை வழியே ஓடுகிறது. சோதனை எளிது: கேமராவைச் சாரத்திலிருந்து இறக்கி ஒரு காய்ந்த மரப் பலகை மேல் வைத்துப் பாருங்கள். பட்டை மறைந்தால் லூப்தான். அதற்கு மருந்து வீடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர், அல்லது கேமராவுக்கும் சாரத்துக்கும் நடுவே நிரந்தரமாக இன்சுலேஷன். இங்கேயும் எர்த்தை வெட்டும் பேச்சே கிடையாது.

பலகை மேல் வைத்தும் போகவில்லை என்றால் வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். எங்கள் வண்டியில் அலுமினியப் பாடி, ஸ்டீல் சட்டம், இரண்டையும் சேர்ப்பது கைவிரல் அகலத்தில் பின்னிய செம்புப் பட்டைகள். மூன்று உலோகம், நடுவே உப்புத் தண்ணீர். பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உருகுவதற்கு ரோட்டில் உப்புப் போடுவார்கள், அது சக்கரம் வழியாக எல்லா இடத்துக்கும் ஏறும். ஒரு பட்டையை டார்ச் அடித்துப் பார்த்தேன். பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தது. விரலால் தொட்டதும் பச்சைப் பொடியாக உதிர்ந்தது, போல்ட் தலை மட்டும் கையோடு வந்தது. ஏழு பட்டையில் நான்கு அப்படி. அவற்றை மாற்றி, தொடும் இடத்தைப் பளபளவென்று சுரண்டி, கிரீஸ் பூசி முறுக்கினோம். அன்று மாலையே படம் சுத்தமானது. அதற்கு முன் மூன்று வாரம் கேமராவின் சர்க்யூட் அட்டைகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம்.

இன்னொரு விஷயம். பட்டை அசையாமல் நிற்கிறதா, மெல்ல ஏறுகிறதா என்று கவனியுங்கள். எல்லாக் கேமராக்களையும் மானிட்டர்களையும் ஒரே தாளத்தில் ஓட்டும் சிங்க் ஜெனரேட்டர் மெயின்ஸோடு பூட்டியிருந்தால் பட்டை நிற்கும். கலர் வண்டியில் அது கிரிஸ்டலில் ஓடும், மெயின்ஸ் கொஞ்சம் அங்கே இங்கே போகும், அதனால் பட்டை மெல்ல ஊரும். ஊர்கிற பட்டை மெயின்ஸிலிருந்து வந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

படம் வெளிறுகிறது, அல்லது மங்கலாக இருக்கிறது

வீடியோ சிக்னல் 1 வோல்ட்: படம் 0.7, சிங்க் 0.3. கேபிள் 75 ஓம், கடைசி முனையில் 75 ஓம் ரெசிஸ்டரில் முடிய வேண்டும், ஒரே ஒரு முறை. அந்த முடிவு இல்லாவிட்டால் ஸ்கோப்பில் 2 வோல்ட் நிற்கும், வெள்ளைப் பகுதிகள் வெளிறும், கேபிள் நீளமாக இருந்தால் ஓரங்களில் நிழல் விழும். இரண்டு இடத்தில் முடித்திருந்தால் 0.67 வோல்ட், படம் மங்கும். 2 என்றாலோ 0.67 என்றாலோ பெட்டியைத் திறக்காதீர்கள், முனையைத் தேடுங்கள்.

பழைய மானிட்டர்களின் பின்னால் 75 ஓம் சுவிட்ச் ஒன்று இருக்கும். குறுகலான வண்டி, ரேக்குக்குப் பின்னால் ஊர்ந்து போகும் ஆளின் முழங்கை படும். இரண்டாம் கேமரா மட்டும் மங்கலாக இருக்கிறது என்று இரண்டு நாள் அதன் ஆம்ப்ளிஃபையரை அளந்தோம். கடைசியில் மேல் வரிசை மானிட்டர் ஒன்றின் சுவிட்ச் மாறியிருந்தது. இப்போது எல்லாச் சுவிட்சுகள் மேலும் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது.

தட்டினால் வருகிறது, தட்டினால் போகிறது

இதுதான் இந்த வண்டிகளின் தேசிய நோய், இங்கே கொஞ்சம் நிதானிக்கிறேன்.

தட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் பெட்டியை அடிப்பது தட்டல் ஆகாது, அது எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் குலுக்கிவிடும். சன்னமான மரக்குச்சி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு உறுப்பாக மெல்ல அழுத்துங்கள். படம் துடிக்கும் இடம் நெருங்க நெருங்க, துடிப்புக்கு வேண்டிய அழுத்தம் குறையும். சால்டரை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: காலைச் சுற்றி மோதிரம் போல ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் அது விட்டுப்போன சால்டர். கனமான உறுப்புகளின் கால்களில்தான் முதலில் வரும். டிரான்ஸ்பார்மர், பெரிய கண்டன்சர், பவர் ரெசிஸ்டர். ரோட்டில் ஆடியது அவைதானே. பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள், மேலேயே உருக்கிவிட்டால் ஆறு மாதத்தில் திரும்பும்.

பிளக்குகளுக்கு உப்புத்தாள் போடாதீர்கள். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பஞ்சும் போதும். தங்க முலாம் பூசிய அட்டை விளிம்பை ஒரு தடவை உரசினால் முலாம் போய்விடும், திரும்ப வராது. பிபிசி வண்டி என்றால் வீடியோ பேட்ச் பலகையில் வழக்கமான பிஎன்சி பிளக் அல்லாமல் மூசா என்ற வகைப் பிளக் இருக்கும். அதன் நடு ஊசி தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் செருகிப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். பொறுமையான வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆகும்.

கேமரா கேபிளில் பல சன்னக் கம்பிகள் ஒரே உறைக்குள் ஓடும், பிளக்கும் ஒரு கைக்கு அடங்காது. அறுவது எப்போதும் பிளக்குக்கு அடுத்த ஒரு முழ நீளத்தில், மடங்கி மடங்கி. கேபிளை முனை மாற்றிப் போடுங்கள். முன்பு கேமரா பக்கம் ஆட்டினால் வந்த பழுது இப்போது வண்டிப் பக்கம் ஆட்டும்போது வந்தால் கேபிள்தான். அந்த ஒரு முழத்தை வெட்டிவிட்டுப் பிளக்கைத் திரும்பக் கட்டினால் போதும், முழுக் கேபிளையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

ஒரே மாதிரிக் கேமராக்கள் மூன்று நான்கு ஒரே வண்டியில் இருப்பது பெரிய வரம். ஒன்றில் பழுது என்றால் பக்கத்தில் நல்லது நிற்கிறது. அட்டையை மாற்றிப் போட்டு, பழுது அட்டையோடு போகிறதா, இடத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: மாற்றும் முன் பழுதான பக்கத்தின் சப்ளை வோல்ட்டேஜ்களை மீட்டரில் பார்த்துவிடுங்கள். வோல்ட்டேஜ் கூடிப்போன இடத்தில் நல்ல அட்டையைச் செருகினால் இரண்டும் போய்விடும்.

1960களின் அட்டைகளில் ஏஎஃப் 114 முதல் 117 வரை உள்ள ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் நிறைய இருக்கும். இவற்றின் நோய் விசித்திரமானது. உலோகக் குப்பியின் உள்பக்கத்திலிருந்து தலைமுடியை விடச் சன்னமான வெள்ளீய இழைகள் வருடக் கணக்கில் தானாகவே வளர்ந்து, உள்ளே உள்ள கால்களைத் தொட்டுவிடும். தட்டினால் இழை முறிந்து படம் வரும், அடுத்த மாதம் திரும்பப் போகும். குப்பிக்கு எர்த் கொடுக்கும் நான்காவது காலை வெட்டிவிட்டால், ஒரே ஒரு கால் மட்டும் தொட்டிருக்கும் கேஸ்கள் பிழைத்துக்கொள்ளும். இரண்டு கால் தொட்டிருந்தால் டிரான்சிஸ்டரை மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

மானிட்டரில் படம் சாய்ந்து கிழிகிறது

மூலையிலிருந்து மூலைக்குச் சாய்ந்த துண்டுகளாகத் தெரிந்தால் லைன் அதிர்வெண், அதாவது ஒரு நொடியில் வரையும் கோடுகளின் எண்ணிக்கை, பொருந்தவில்லை. பிபிசி 2 வந்தது 1964 ஏப்ரலில், 625 லைனில். பழைய 405 லைன் ஒளிபரப்பு 1985 ஜனவரி வரை உயிரோடு இருந்தது. அதனால் அந்த இடைக்கால வண்டிகள் பலவற்றில் இரண்டுக்கும் மாறும் ரிலேக்கள் உண்டு. ஒரு ரிலே ஒட்டிக்கொண்டால் சிங்க் ஜெனரேட்டர் ஒரு பக்கமும் மானிட்டர் இன்னொரு பக்கமும் நிற்கும். கருவியே வேண்டாம், காது போதும்: 405-இல் மானிட்டர் 10,125 ஹெர்ட்ஸில் கீச்சிடும், 625-இல் 15,625. முதலாவது பெரும்பாலானோருக்குக் கேட்கும், இரண்டாவது இளவயதுக்காரர்களுக்குத்தான் நன்றாகக் கேட்கும். எங்கள் குழுவில் அதற்கென்றே ஒரு கல்லூரிப் பையனைக் கூப்பிடுவோம்.

படத்தின் அடிப்பகுதி மட்டும் சுருங்கி நசுங்கியிருந்தால் அது வேறு. படத்தை மேலிருந்து கீழாக இழுக்கும் ஃபீல்டு அவுட்புட் வால்வுக்கு முன்னால் உள்ள மெழுகுக் காகிதக் கண்டன்சர் கசிகிறது. கசிந்த கண்டன்சர் வால்வின் கிரிட்டைப் பாசிட்டிவ் ஆக்கிவிடும், வால்வும் கொதிக்கும். மெழுகுக் கண்டன்சர் எதைக் கண்டாலும் அளக்காமலே மாற்றலாம். இதில் மட்டும் நான் அப்படித்தான்.

பழுது மாதிரி தெரியும், ஆனால் பழுது இல்லை

இமேஜ் ஆர்த்திகான் என்ற பழைய வகை டியூப் உள்ள கேமராவில் பளிச்சென்ற விளக்கையோ வெள்ளைச் சட்டையையோ சுற்றி ஒரு கறுப்பு வளையம் தெரியும். அதைச் ‘சரி’ செய்யப் போய் நல்ல டியூபைக் கெடுத்தவர்கள் உண்டு. வெளிச்சம் கிளப்பிய எலக்ட்ரான்கள் டியூபுக்குள் உள்ள டார்கெட் என்ற தகட்டில் மோதி, அங்கிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்கள் அக்கம்பக்கத்தில் விழுவதால் வரும் நிழல் அது, அந்த டியூபின் கையெழுத்து. அந்தக் காலப் படத்துக்கு அந்த முகம் வந்ததே அதனால்தான். விட்டுவிடுங்கள். ஆன் செய்த உடனே பழைய படம் ஒட்டிக்கொண்டு போக மறுப்பதும் குளிர்ந்த டியூபின் இயல்பு. அரை மணி சூடாகட்டும். ஆனால் சூடான பிறகும் வெளிச்சப் பகுதிகள் விவரம் இல்லாமல் கட்டியாகத் தெரிந்தால் டியூபுக்குள் படத்தை வாசிக்கும் எலக்ட்ரான் பீம் போதவில்லை, மெல்ல ஏற்றுங்கள்.

பிளம்பிகான் என்ற டியூப் உள்ள கலர் கேமராக்களில் நகரும் பளிச் விளக்குக்குப் பின்னால் ஒரு வால் நீளும். அதுவும் இயல்பு. இந்த டியூப்கள் இனி யாரும் செய்யப்போவதில்லை. ஒரே டெஸ்ட் படத்தை மணிக்கணக்கில் காட்டிக்கொண்டு நிறுத்தாதீர்கள், வேலை இல்லாதபோது மூடியைப் போட்டு பீமை அணையுங்கள், கழற்றி வைத்தால் முகம் கீழே பார்க்க வைக்காதீர்கள்.

படத்தில் புள்ளி தெரிந்தால் டியூப் மேல் பழி போடும் முன் ஜூமை அசையுங்கள், ஃபில்டர் சக்கரத்தைச் சுழற்றுங்கள். புள்ளி மாறினால் கண்ணாடித் தூசி. மாறாமல் ஒரே இடத்தில் நின்றால் டியூப்.

ஓரங்களில் கலர் பிரிகிறது, கேமராவுக்குக் கேமரா நிறம் மாறுகிறது

இஎம்ஐ 2001 கேமராவில் நான்கு டியூப். ஒன்று வெளிச்சத்துக்கு, மூன்று நிறங்களுக்கு. நான்கும் ஒரே படத்தை ஒரே இடத்தில் வரைய வேண்டும். கோடுகளின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்த்தால், கன்ட்ரோல் பொத்தான்களைத் திருகும் முன் டியூபைச் சுற்றியுள்ள காயில் யோக்கின் கிளாம்பைத் தொட்டுப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் எவ்வளவு திருகினாலும் வண்டி அடுத்த பள்ளத்தில் இறங்கும்வரைதான் நிற்கும். கிளாம்பை இறுக்கி, அரை மணி சூடாக்கி, கட்டம் போட்ட டெஸ்ட் படத்தைக் காட்டி வெளிச்ச டியூபின் படத்தோடு மற்ற மூன்றையும் பொருத்துங்கள்.

பிஏஎல் என்ற கலர் முறையில் நிறத்தைச் சுமந்து செல்லும் துணை அலை 4.43 மெகாஹெர்ட்ஸ். கேபிளில் சிக்னல் ஒரு மீட்டருக்கு ஐந்து நானோசெகண்ட் எடுத்துக்கொள்ளும், அது கலர் ஃபேஸில் சுமார் 8 டிகிரி. விஷன் மிக்சருக்குப் போகும் கேபிள் ஒன்று அறுந்து, கையில் கிடைத்த இரண்டு மீட்டர் நீளக் கேபிளைப் போட்டுவிட்டு, அந்தக் கேமரா மட்டும் ஏன் மற்றவற்றோடு நிறம் பொருந்தாமல் நிற்கிறது என்று யோசித்தால் விடை அதுதான். ரேக்குக்குள் சுருட்டி வைத்த கேபிளைக் கண்டால் ‘வீணாகக் கிடக்கிறதே’ என்று வெட்டாதீர்கள். யாரோ ஒரு என்ஜினியர் நேரத்தைப் பொருத்துவதற்காக அளந்து சுருட்டியது.

மழைக்கு மறுநாள் மட்டும் வரும் பழுது

நோட்டுப் புத்தகத்தில் வானிலையையும் எழுதுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். கேமரா வைக்கும் கூரைத் தட்டின் போல்ட் ஓட்டைகள், கேபிள் நுழையும் பின்பக்கக் கதவு, இரண்டும்தான் தண்ணீர் வரும் வழி. உள்ளே சொட்டாது, பாடி மடிப்புக்குள்ளேயே ஓடி ரேக்கின் அடியில் தேங்கும். ஹோஸில் தண்ணீர் அடிக்கும்போது ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்திருக்கட்டும். டைரக்டரும் கேமராமேனும் பேசிக்கொள்ளும் டாக்பேக்கில் கரகரப்பு வருவதும் பெரும்பாலும் இந்த ஈரத்தால் ஜாக் பலகையில் படியும் கறுப்புதான். டைரக்டர் சொல்வது கேமராமேன் காதில் விழாவிட்டால் நல்ல படம் வந்தும் பயன் இல்லை, ஆகவே அதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

நாற்பது நிமிடம் ஓடியபின் ஒரு ரேக் தானாக அணைந்தால் ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். பழைய எண்ணெய் பிசினாகி இறுகியிருக்கும்.

கொட்டகையில் எல்லாம் சரி, போன இடத்தில் படம் இல்லை

வண்டியை ஓட்டிப் பார்க்காமல் மீட்டுவிட்டோம் என்று சொல்ல முடியாது. ஓட்டும் முன் பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள், இதில் சிக்கனம் கிடையாது. டயரின் பக்கத்தில் தேதி எண் நான்கு இலக்கமாக இருந்தால் வாரமும் வருடமும். மூன்று இலக்கமாக இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், ஆழம் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

முதல் ஓட்டம் பத்து கிலோமீட்டர் போதும். கிளம்பும் முன் ரேக் ஸ்க்ரூக்களின் தலையிலிருந்து சட்டம் வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். எல்லாச் சப்ளை வோல்ட்டேஜையும் எழுதி வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் கரண்ட் கொடுக்காமல் முதலில் கோடுகளைப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் அந்த ஸ்க்ரூ திரும்பியிருக்கிறது, அதற்குப் பின்னால் உள்ள அட்டைகளும் எழும்பியிருக்கும். விரலால் அழுத்தி உட்கார வையுங்கள். அப்புறம் எர்த், அப்புறம் மெயின்ஸ், அப்புறம் ஒவ்வொரு ரேக்காக. சிங்க் ஜெனரேட்டர், ஒரு மானிட்டர், ஒரு கேமரா. எங்கள் வண்டி முதல் ஓட்டத்தில் பதினோரு ஸ்க்ரூவையும் மூன்று அட்டையையும் தளர்த்திக்கொண்டு வந்து நின்றது. இரண்டாம் ஓட்டத்தில் இரண்டு ஸ்க்ரூ. மூன்றாவதில் ஒன்றும் இல்லை. பிளக் செருகி இருபது நிமிடத்தில், எதிரே வேலியில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மேல் வரிசை மானிட்டரில் கறுப்பு வெள்ளையில் வந்து நின்றன.